வயிற்றுப்போக்குக்குப் பழைய மருந்து கைகொடுக்குமா? மருந்துக்கடைக்கு வரும் முன் செய்ய வேண்டியவை

பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையில் 18 வருடமாகப் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ஞாயிறு இரவு 9 மணிக்கு மேல் வருபவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, லூஸ் மோஷனுக்கு ஒரு செட் கொடுங்க." செட் என்றால் காகிதத்தில் மடித்த மூன்று நான்கு மாத்திரைகள். என்ன சாப்பிட்டார், எப்போது ஆரம்பித்தது, யாருக்கு, எத்தனை வயது என்று எதுவும் அந்த மடிப்புக்குள் இருக்காது.

போன மாதம் அப்படி வந்த ஒருவர் செட் கேட்கவில்லை. போனை நீட்டினார். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று, கெட்ட உணவால் வரும் வயிற்றுப்போக்கில் கிட்னி பாதிக்காமல் காப்பாற்றுகிறது என்று ஜப்பான் ஆய்வைச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் செய்தி. மருந்தின் பெயர் ஃபாஸ்ஃபோமைசின். "அந்த 3 கிராம் சாஷே உங்ககிட்ட இருக்குமே அண்ணா, ஒண்ணு கொடுங்க. பையனுக்கு 7 வயசு. சாயங்காலத்துல இருந்து வாந்தியும் பேதியுமா இருக்கான்."

"ரத்தம் கலந்து போகுதா தம்பி?" என்று கேட்டேன்.

"கவனிக்கலையே அண்ணா."

சாஷேவைக் கொடுக்கவில்லை. ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்து, பில்லின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி அனுப்பினேன். அந்த நாலு வரியின் விரிவுதான் இது. அந்தச் செய்தி பொய்யில்லை. பாதி உண்மை. அதனால்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சாப்பிட்டதற்கும் முதல் வாந்திக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். அரை மணியிலிருந்து ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிய்த்துக்கொண்டு வந்தால், பெரும்பாலும் அது உணவிலேயே தயாராக இருந்த நச்சு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி சமைப்பவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவில் இறங்கி நச்சை உண்டாக்கி வைத்திருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்பது அரிசியோடு வரும் கிருமி. சோறு வெந்தாலும் அதன் வித்துகள் சாகாது. வடித்த சோற்றை மணிக்கணக்காக வெளியில் வைத்துவிட்டு ராத்திரி ஃப்ரைடு ரைஸ் போட்டால், அந்த வித்துகள் முளைத்து நச்சைக் கக்கியிருக்கும். இந்த இரண்டு நச்சும் சூட்டுக்கு அடங்காதவை. கடாயில் எவ்வளவு புரட்டினாலும் போகாது.

இங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. உடம்பைப் படுத்துவது கிருமி அல்ல, அது விட்டுப்போன நச்சு. புதிய மருந்தானாலும் பழைய மருந்தானாலும் இதில் ஒன்றுதான்.

சாப்பிட்டு 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் வாந்தி அதிகமில்லாமல் வயிற்றுவலியும் பேதியுமாக வந்தால், பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய கறி, பிரியாணி வகையை நினைத்துப் பாருங்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அண்டாவின் நடுச்சூடு மிகவும் பிடிக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கிவிடும்.

காய்ச்சலோடு, 6 மணி நேரத்திலிருந்து சில நாள் கழித்து வருவது சால்மொனெல்லாவாக இருக்கலாம். பச்சை முட்டை, சரியாக வேகாத கோழி அதற்கு வழி. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதும் இதனால்தான். கேம்பிலோபேக்டர் 2 முதல் 5 நாள் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் செய்தியில் இருந்த ஈ-கோலை ஓ157 என்ற கிருமிக்குப் பெரும்பாலும் 3, 4 நாள் ஆகும். அதாவது நேற்றுச் சாப்பிட்ட ஷவர்மா மேல் பழி போடும் முன் மூன்று நாளைக்கு முந்தைய சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும்.

அடுத்து கழிப்பறையைப் பாருங்கள்

கூச்சப்படாதீர்கள். ஃப்ளஷ் செய்யும் முன் போன் டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். ரத்தமோ சளியோ இருக்கிறதா? கழுநீர் போல வெள்ளையாகக் கொட்டுகிறதா? அப்படிக் கொட்டினால் காலராவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று கேளுங்கள். வாயில் எச்சில் இருக்கிறதா, குழந்தை அழுதால் கண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமமாகிறதா, மடிப்பு நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குடித்த எதுவும் தங்காத வாந்தி, மயக்கம், நாக்குக் குழறல், கண் இமை சரிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடைக்கு வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். 108க்கு அழையுங்கள். குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ராத்திரியிலும் திறந்திருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 தாண்டியவர், சர்க்கரை அல்லது கிட்னி நோயாளி என்றால், இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அரை மணியில் போன் செய்தார். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. மத்தியானம் பிறந்தநாள் விருந்தில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டிருக்கிறான், மூன்று மணி நேரத்தில் வாந்தி. விருந்துக்கு வந்த இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கதை. அவன் நிலைமைக்கு அந்தச் சாஷே எந்த உதவியும் செய்திருக்காது. போதாக்குறைக்கு, ஃபாஸ்ஃபோமைசின் சாஷேயின் பொதுவான பக்கவிளைவே வயிற்றுப்போக்குதான்.

தண்ணீரைச் சரியாகக் கலக்குங்கள்

இதில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு அளவில் வருகிறது. ஒன்று 1 லிட்டர் தண்ணீருக்கு, இன்னொன்று 200 மில்லிக்கு. வாங்கியவுடன் எத்தனை மில்லி என்று படியுங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு மிஞ்சிப் போய், அது குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பாதிப் பாக்கெட்டை இன்றும் மீதியை நாளையும் என்று பிரிக்கவும் கூடாது. உள்ளே உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முழுப் பாக்கெட்டையும், கொதிக்க வைத்து ஆற்றிய அளந்த தண்ணீரில் கரையுங்கள். ருசி கண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். அதைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி ஒரு லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும், தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே உள்ளே போகும். பேதியாகும்போதும் இந்தக் கதவு கெடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில் போதாமல், டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து வாய்வழியாகக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். மருந்துக்கடையில் நான் விற்பவற்றிலேயே எனக்கு மிக மரியாதை உள்ள பொருள் இதுதான்.

பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கைப்பிடிக் கணக்கு வேண்டாம். கடை ஃப்ரிட்ஜில் இருக்கும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்ற பானங்களுக்கு 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. சர்க்கரை அதிகமானால் பேதியும் அதிகமாகும்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு முடிந்த மட்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, அப்புறம் நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். டம்ளரைக் கையில் கொடுத்தால் தாகத்தில் மடக்மடக்கென்று குடித்து மறுபடி வாந்தி எடுத்துவிடுவான். அம்மா ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் உள்ளே தங்கிவிடும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, மோர்சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். வயிற்றைக் காயப்போடத் தேவையில்லை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் துத்தநாக (ஜிங்க்) மருந்தும் எழுதுவார்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்றாலும் 14 நாள் வரை கொடுக்கச் சொன்னால் முழுவதும் கொடுங்கள்.

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். பெரியவருக்கும் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூடாது. வெளியே போக வேண்டியது உள்ளேயே தேங்கிவிடும்.

இனி அந்தப் பழைய மருந்தின் கதை

ஃபாஸ்ஃபோமைசின், ஸ்பெயின் நாட்டு மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைக் கிருமியிலிருந்து கிடைத்து, 1969இல் உலகுக்குத் தெரிய வந்த மருந்து. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் வேலையின் முதல் படியையே தடுத்துவிடும். நம் ஊரில் இது ஆரஞ்சு வாசனையோடு, தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடிக்கும் 3 கிராம் தூள். பெண்களுக்கு வரும் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எழுதுவார்கள்.

1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஈ-கோலை ஓ157 தொற்றியது. முள்ளங்கி முளைகள் மேல் சந்தேகம் விழுந்தது. இந்தக் கிருமி ஷிகா நச்சு என்ற ஒன்றை உண்டாக்கும். அது ரத்தத்தில் கலந்தால் சிவப்பணு உடையும், தட்டணு குறையும், கிட்னி நின்றுபோகும். பேதி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகி, "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று நினைக்கும் நேரத்தில்தான் இது வரும். அங்கே பல டாக்டர்கள் ஃபாஸ்ஃபோமைசின் கொடுத்திருந்தார்கள். பிறகு பதிவேடுகளைப் பார்த்தபோது, நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் அதை எடுத்த பிள்ளைகளுக்குக் கிட்னிப் பாதிப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. 1999இல் அது வெளியானது. வாட்ஸ்அப்பில் வந்தது இதுதான்.

அடுத்த வருடம், 2000இல், அமெரிக்காவிலிருந்து நேர்மாறான ஒரு செய்தி. ஓ157 தொற்றிய, 10 வயதுக்கு உட்பட்ட 71 பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஆன்டிபயாடிக் எடுத்த 9 பேரில் 5 பேருக்குக் கிட்னிப் பாதிப்பு வந்தது. எடுக்காத 62 பேரிலும் 5 பேருக்குத்தான் வந்தது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அதே 2000இல் வந்த ஓர் எலி ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் கொடுத்தது. ஷிகா நச்சுக்கான மரபணு அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்து அல்ல. அதற்குள் தூங்கும் ஒரு வைரஸுடையது. டிஎன்ஏவைத் தாக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து உள்ளே போனால் வைரஸ் விழித்துக்கொள்ளும். பெருகி, பாக்டீரியாவை உடைத்து, நச்சைக் கொட்டும். சிப்ரோ கொடுத்த எலிகளின் மலத்தில் கிருமி குறைந்தது, ஆனால் நச்சு கூடியது, மூன்றில் இரண்டு பங்கு எலிகள் செத்தன. ஃபாஸ்ஃபோமைசின் கொடுத்த எலிகளில் நச்சு கூடியதாகத் தெரியவில்லை, எல்லாமே பிழைத்தன. ஆக ஆன்டிபயாடிக் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது.

இப்படி ஒரு செய்தி வந்தால் நான் கேட்கும் கேள்விகளை நீங்களும் கேளுங்கள். எந்தக் கிருமியைப் பற்றிப் பேசுகிறது? ஓ157 வகை நம் ஊர் வயிற்றுப்போக்கில் பெரும் பங்கு வகிப்பதில்லை. எதில் செய்தார்கள், கண்ணாடிக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா? சகாயில் நடந்தது, சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் தூளும் கொடுத்த சோதனை அல்ல. பின்னால் திரும்பிப் பார்த்த கணக்கு. முதல் இரண்டு நாளில் டாக்டரிடம் போன பிள்ளைக்குத் தண்ணீரும் கவனிப்பும்கூட முன்னாடியே கிடைத்திருக்கும். பலன் மருந்தாலா, கவனிப்பாலா என்று பிரிக்க முடியாது. அமெரிக்கக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு, உடம்பு ரொம்ப மோசமான பிள்ளைக்குத்தானே டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியிருப்பார்? ஆனால் 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அவற்றில் ஒழுங்காகச் செய்தவற்றை மட்டும் எடுத்தபோது, ஆன்டிபயாடிக்கால் ஆபத்து கூடும் பக்கமே தராசு சாய்ந்தது.

கடைசிக் கேள்வி, பார்மசிஸ்டாக எனக்கு முக்கியமானது: அதே மருந்துதானா? ஜப்பானில் வாய்வழியாகக் கொடுப்பது ஃபாஸ்ஃபோமைசினின் கால்சியம் உப்பு. அது ரத்தத்தில் குறைவாகவே ஏறும், குடலில் அதிகம் தங்கும், சில நாள் தொடர்ந்து கொடுப்பார்கள். இங்கே சாஷேயில் இருப்பது டிரோமெட்டமால் உப்பு, அதைவிட நன்றாக ஏறிச் சிறுநீருக்குப் போகிறது. பெயர் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு.

இன்னொரு பழைய மருந்தின் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், அது நம் சமையலறைக்குப் பக்கத்தில் வருகிறது. 2011இல் ஜெர்மனியில் ஓ104 என்ற ஈ-கோலை பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைசியில் விரல் நீண்டது வெந்தய முளைகள் பக்கம். அங்கே வேறு காரணத்துக்காக அஸித்ரோமைசின் எடுத்த 22 பேரில் ஒருவருக்குத்தான் ஒரு மாதம் கழித்தும் மலத்தில் கிருமி இருந்தது. எடுக்காத 43 பேரில் 35 பேருக்கு இருந்தது. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் அது நோய் தணிந்தபின் கிருமியைச் சுமப்பது பற்றியது, பேதியான முதல் ராத்திரியைப் பற்றியது அல்ல. வீட்டில் வெந்தயமோ பயறோ முளைகட்டினால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேகவைத்துக் கொடுங்கள்.

மாத்திரைக்கு முன் மலப் பரிசோதனை

இதை என் தப்பிலிருந்து கற்றேன். பல வருடம் முன் என் தங்கை மகளுக்குப் பேதி. போனில் கேட்டுவிட்டு நானே சிப்ரோவும் லோபரமைடும் கொடுத்தனுப்பினேன். ரத்தம் போனதை மறுநாள்தான் தங்கை சொன்னாள். வயிறு உப்பி, காய்ச்சல் ஏறி, நாலு நாள் மருத்துவமனை. அங்கே கல்ச்சர், அதாவது மலத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்தபோது ஒன்றும் வளரவில்லை. நான் கொடுத்த சிப்ரோவால் கிருமி கண்ணில் படாமல் போனது. என்ன கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை, டாக்டர் குருட்டுத்தனமாகத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அன்றோடு செட் மடிப்பதை விட்டேன்.

ஆகவே ரத்தமோ அதிகக் காய்ச்சலோ இருந்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே மலத்தைப் பிடித்துவிடுங்கள். லேப் கொடுக்கும் டப்பாவில், சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல், ரத்தமோ சளியோ உள்ள பகுதியை எடுத்து, 2 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். கல்ச்சர் முடிவுக்கு 2, 3 நாள் ஆகும். ஷிகா நச்சு உள்ள ஈ-கோலையை வழக்கமான கல்ச்சரில் தேட மாட்டார்கள், டாக்டர் தனியாக எழுத வேண்டும். ரத்தபேதியில் இதைக் கேட்டுவிடுங்கள், தப்பில்லை. ஒரு வாரத்தில் முகம் வெளுத்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்தால், பேதி நின்றிருந்தாலும் ஓடுங்கள்.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் அதற்குக் காரணம் இருக்கும். ஷிகெல்லா ரத்தபேதி, கடுமையான காலரா, டைஃபாய்டு, பச்சைக் குழந்தையின் சால்மொனெல்லா போன்றவற்றுக்குத் தேவைதான். எழுதிய நாள் வரை முழுவதும் போடுங்கள். போன தடவை மிஞ்சிய ஸ்ட்ரிப்பை மட்டும் எடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி கொடுப்பதை நிறுத்த 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிப் போட்ட திட்டத்துக்கு நம் ஊர்ப் பெயர்தான், சென்னைப் பிரகடனம். 2014 மார்ச்சிலிருந்து செஃபிக்ஸைம் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் வாங்கினார், யார் எழுதினார் என்று பதிவு செய்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள்.

மிச்சத்தைக் கொட்டாதீர்கள்

சந்தேகப்படும் உணவு மிச்சமிருந்தால் பையில் கட்டி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். பில்லைப் போட்டோ எடுங்கள். வெளியில் சாப்பிட்டது என்றால், தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடை பெயர், நேரம், எத்தனை பேருக்கு வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பிறந்தநாள் விருந்தில் மூன்று பிள்ளைகளின் அப்பாக்களும் பேசிக்கொண்ட பிறகுதான் எல்லோரும் சாப்பிட்டது ஃப்ரைடு ரைஸ் என்றே தெரிந்தது. பையன் திங்கள் ராத்திரி இட்லி கேட்டிருக்கிறான்.

கழிப்பறை ஃப்ளஷ் பிடி, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள். வித்துகளைச் சானிடைசர் ஒன்றும் செய்யாது. வீட்டில் சமைப்பவருக்கே பேதி என்றால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் அடுப்பங்கரைப் பக்கம் வர வேண்டாம். அம்மாவுக்கு அந்த இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, சோற்றை வேறு யாராவது வடியுங்கள். வடித்த சோறு மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.